பலகாரம் சுடாத வருசம்

1

பயறு வறுபடுகிற மணம் கீழ்வீட்டிலிருந்து வந்தது. காற்றுக் குழாய் வழியாக ஏறி, என்னைக் கேட்காமலே குசினிக்குள் நுழைந்தது. முதலில் பச்சை மணம். பிறகு தோல் சூடேறுகிற மணம். அதற்குப் பிறகு பயறு பொன்னிறமாகிற அந்தக் கொஞ்ச நேரம். அதைத் தவறவிட்டால் கருகிப்போகும். நான் எட்டி அடுப்பை நூர்க்கப் போனேன். என் அடுப்பில் ஒன்றுமே இல்லை.

யன்னலுக்கு வெளியே பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. நோர்வேயில் மார்கழி இப்படித்தான். முல்லைத்தீவில் மார்கழி வேறு மாதிரி. வாடைக்காற்று அடிக்கும், கடல் கறுத்துப் பொங்கும், வள்ளங்களைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிடுவார்கள். தொழில் இல்லாத ஆம்பிளைகள் வீட்டில் நிற்பார்கள். மா இடிக்க ஆள் கிடைக்கிற ஒரே மாதம் அது. "கடல் பொங்கினாத்தான் எங்கட வீட்டில பலகாரம் பொங்கும்" என்று அக்கா சொல்லிச் சிரிப்பா. வெயில் இல்லாதபடியால் மாவைக் காயவைக்க ஏலாது. வறுத்துத்தான் எடுக்கவேண்டும். மழை நனைத்த விறகின் புகையும் வறுத்த மாவின் மணமும் சேர்ந்துதான் எனக்கு நத்தார். கிறிஸ்மஸ் மரம், நட்சத்திரம் எல்லாம் பிறகு வந்தவை.

கீழ்வீட்டில் இருப்பது தவமக்கா. ஸ்கந்தபுரத்துக்காரி. சைவம். ஆனாலும் இந்த நாட்டில் லீவு நத்தாருக்குத்தானே. அதனால் அவவும் எங்களோடு சேர்ந்து பயத்தம் பணியாரம் சுடுவா. தைப்பொங்கலுக்கு நாங்கள் அவவோடு சேர்ந்து பொங்குவோம். கணக்குச் சரி.

இந்த வருசம்தான் கணக்குப் பிழைத்தது. நான் ஒன்றும் சுடவில்லை. ஒரு முறுக்குக் கூட இல்லை.

2

மார்கழி பிறந்தால் எனக்கு இரண்டு குசினி. பகலில் முதியோர் இல்லத்துக் குசினி. அங்கே நோர்வேக்காரரின் நத்தார்: உப்பிட்டுக் காயவைத்த ஆட்டு விலா, இஞ்சிப் பிஸ்கற், கறுவாத்தூள் தூவின பால்சோறு. பொழுது பட்டபிறகு என் வீட்டுக் குசினி. அங்கே எங்கள் நத்தார். நடுவில் வருகிற பஸ் பயணத்தில்தான் என் முதுகு ஒரு கதிரையில் படும்.

தமிழ்ப் பாடசாலை ஒளிவிழாவுக்கு ரோல்ஸ். கரோல் பாட வருகிறவர்களுக்குக் கேக். மறைக்கல்விப் பிள்ளைகளுக்குத் தேவதை உடுப்புத் தைக்கவேண்டும், அதில் ஒரு பிள்ளைக்குச் செட்டை பெரிதாகிக் கதவுக்குள்ளால் போகாது. பிறகு வீடு வீடாகப் போகிற சோலி. ஒரு வீட்டை விட்டால் போச்சு, வருகிற நத்தார் வரைக்கும் அந்த வீட்டு முகம் கோணலாகவே இருக்கும். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி, எல்லா வீட்டிலும் அதே முறுக்கு. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். கொண்டாட்டத்துக்கும் அலுக்கிறார்களா என்று கேட்பீர்கள். அலுக்கிறோம். ஊரில் பத்துப் பேர் செய்ததை இங்கே ஒருத்தி செய்கிறாள். அதுவும் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்ற முதல்.

போன நத்தாருக்கு மகள் வந்திருந்தாள். நிலானி. இந்த நாட்டிலேயே பிறந்தவள். வடக்கே தூரத்து நகரம் ஒன்றில் வேலை. நீளமான ரயில் பயணம் என்றபடியால் வருசத்தில் ஒருக்கால், மிஞ்சினால் இரண்டு தரம் வருவாள். அன்றைக்குப் பின்னேரம் நான் சிப்பி செய்துகொண்டிருந்தேன். மாவைச் சின்ன உருண்டையாக்கி, புதுச் சீப்பின் பல்லில் வைத்து அழுத்திச் சுருட்டினால் கடற்கரைச் சிப்பி மாதிரி வரி விழும். அவள் எதிரில் வந்து இருந்தாள்.

"அம்மா, உங்களோட ஒரு விசயம் கதைக்கவேணும்."

"சொல்லு பிள்ளை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

அவள் தொடங்கினாள். என்னவோ வேலையைப் பற்றி. அவளின் குரல் தூரத்தில் அலை போல வந்து வந்து போனது ஞாபகம். அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகம் இல்லை.

கண் முழித்தபோது மேசையில் தலை. தோளில் ஒரு போர்வை. அடுப்பு நூர்ந்திருந்தது. மிச்ச மாவெல்லாம் சிப்பியாகிக் கிடந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வாய் பிளந்தபடி. அவள் தன் அறைக்குள் போய்விட்டாள்.

"என்ன பிள்ளை சொல்ல வந்தனி?"

"ஒண்டுமில்லை அம்மா."

அடுத்த நாளும் கேட்டேன். அது அவ்வளவு முக்கியமில்லை என்றாள். புதுவருசத்துக்கு முன்பே ரயில் ஏறிவிட்டாள். அந்த "ஒண்டுமில்லை" வருசம் முழுக்க என்னோடு பஸ்ஸில் வந்து போனது. தொலைபேசியில் அவள் சிரிக்கும்போதும் அதற்குப் பின்னால் அது நின்றது. இந்த முறை அவள் வந்தால் நான் முழித்திருக்கவேண்டும். வேறு ஒரு ஆசையும் எனக்கு இருக்கவில்லை.

3

நோர்வேக்காரரின் மொழியில் அலுப்புக்கு இரண்டு சொல். ஒன்று நித்திரை வருகிற அலுப்பு. மற்றது உடுத்து உடுத்துத் துணி இத்துப்போகிற மாதிரி வருகிற அலுப்பு. வந்த புதிதில் எனக்கு முதல் சொல்தான் தெரியும். வேலையில் களைத்து நின்று அதைச் சொன்னால் மேற்பார்வை செய்கிறவ கோப்பி ஊற்றித் தருவா. பல வருசம் நான் கோப்பியாகவே குடித்தேன். இரண்டாவது சொல்லைக் கற்றபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

இந்தக் கார்த்திகையில் ஒருநாள் அந்தச் சரியான சொல்லைச் சொன்னேன். என்னோடு வேலை செய்கிற இங்கர் கத்தியைக் கீழே வைத்தாள். "உன்னை நீ பார்த்துக்கொள்" என்றாள். நாங்களும் தொலைபேசியை வைக்க முதல் "உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்கிறோம். ஆனால் எப்போதும் மற்ற ஆளுக்குத்தான். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஒருவரையும் நான் கண்டதில்லை.

சில நாள் லீவை வைத்தியர் இல்லாமலே எடுக்கலாம் என்றும் அவள்தான் சொன்னாள். எனக்கு ஏலாது என்று நானே அறிவித்தால் போதுமாம். என்ன வருத்தம் என்று கூடக் கேட்கமாட்டார்களாம். நான் நம்பவில்லை. சண்டைக் காலத்தில் வவுனியாவில் ஒரு பயணப் பாஸுக்காக விடிய முதல் வரிசையில் நின்று, ஏன் போகிறேன், யாரிடம் போகிறேன், எப்போது திரும்புவேன் என்று நெஞ்சு இடிக்க இடிக்க ஒப்புவித்தவள் நான். என் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற கந்தோர் ஒன்று இருக்கும் என்று யார் நினைத்தது? கைபேசியில் அழுத்தி முடித்தபிறகும், ஆராவது கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று அதைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

முதல் நாள் ஓய்வில் அலுமாரியைத் துடைத்தேன். இரண்டாம் நாள் யன்னல்களை. இவர் வேலையால் வந்து பார்த்தார். இவர் பஸ் ஓட்டுகிறவர். பகிடி இல்லாமல் ஒரு வசனம் வராது.

"லீவெடுத்து வேலை செய்யிற ஒரே ஆள் நீர்தான். இண்டைக்கு எனக்கும் ஒரு லீவு போடும், போய்ப் புல்லு வெட்டுவம்."

"பனியுக்க என்ன புல்லு?"

"அதுதான் சொல்லுறன். சும்மா இரும்."

சும்மா இருப்பதைப் பழகவேண்டியிருந்தது. வாளியில் சுடுதண்ணி ஊற்றி உப்புப் போட்டுக் கால் வைத்தேன். கல்லுப்புக் கரைகிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குதிவெடிப்பில் எரிந்தது, பிறகு ஆறியது. மத்தியானம் படுத்தேன், கள்ளம் செய்கிறவள் மாதிரி யன்னல் சீலையை இழுத்துவிட்டு. தேத்தண்ணியை இருந்து குடித்தேன். அது ஆற முதல் குடிக்கலாம் என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. குடாக் கடலின் ஓரமாக நடந்தேன். அது எங்கள் கடல் மாதிரி இல்லை; அலை இல்லை, மணம் இல்லை, தட்டில் வார்த்த மாதிரிக் கிடக்கும். வழியில் கண்ட எங்கள் ஆட்கள் காரை நிற்பாட்டி, எங்கே போகிறீர்கள், ஏற்றிக்கொண்டு போய் விடவோ என்று கேட்டார்கள். சும்மா நடக்கிறேன் என்றேன். பாவம், நம்பவில்லை.

ஒளிவிழாவுக்கு ரோல்ஸ் ஏலாது என்றேன். தேவதை உடுப்பு ஏலாது என்றேன். கடைசியில் பலகாரமும் ஏலாது என்று எனக்கு நானே சொன்னேன். பொய் சொல்லமாட்டேன், பிறகு நல்ல நித்திரை வந்தது.

4

நத்தாருக்குக் கொஞ்ச நாள் இருக்க அக்கா தொலைபேசியில் எடுத்தா. பிலோமினா அக்கா. முல்லைத்தீவில் கடற்கரைக்குக் கிட்டத்தான் இன்னும் இருக்கிறா. பின்னணியில் காற்று இரைந்தது.

"எடி, முறுக்குச் சுட்டிட்டியோ?"

"இல்லை அக்கா. இந்த வருசம் ஒண்டும் சுடேல்லை."

காற்று மட்டும் கேட்டது.

"ஒண்டுமோ?"

"ஒண்டும் இல்லை. எனக்குக் கொஞ்சம் அலுப்பு. வேறை ஒண்டுமில்லை."

"அவர் எப்பிடி?"

"நல்லா இருக்கிறார்."

"நிலா?"

"நல்லா இருக்கிறாள் அக்கா. எல்லாரும் சுகம்."

"சரி சரி" என்று மெதுவாகச் சொன்னா. "நீ படு பிள்ளை. சாப்பிடு. சாப்பிடாமல் இராதை."

எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியிருக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் பலகாரம் சுடாத வீடு என்றால் அந்த வருசம் சாவு விழுந்த வீடு. அந்த வீட்டுத் தாச்சியில் எண்ணெய் வைக்கமாட்டார்கள். அயலார்தான் தட்டுத் தட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இன்னொன்றும் இருக்கிறது. தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் சாவைத் தொலைபேசியில் சொல்லமாட்டோம். "கொஞ்சம் சுகமில்லை" என்போம். "எல்லாரும் சுகம்" என்போம். எல்லாரும் சுகம் என்று அழுத்திச் சொன்னால் ஆரோ இல்லை என்று அர்த்தம்.

கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் அக்கா எனக்கு அப்படித்தான் சொன்னா. நத்தாருக்கு அடுத்த நாள் விடிந்ததிலிருந்து நான் இலக்கங்களை அமத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் லைன் கிடைத்தபோது, "எல்லாரும் சுகம், தம்பிக்கு மட்டும் கொஞ்சம் காயம்" என்றா. தம்பியை அதற்கு முன்பே அடக்கம் பண்ணியிருந்தார்கள். எனக்குச் சொல்லப் பல நாள் எடுத்தது. நான் இங்கே சொந்தபந்தம் இல்லாமல் இருக்கிறேன் என்று பயந்தாவாம். அதற்கு நான் அக்காவோடு ஒருநாளும் கோபிக்கவில்லை.

அதற்கு அடுத்த நத்தாரைப் பற்றி அக்கா சொல்லியிருக்கிறா. கரை முழுக்கத் துக்க வீடு. ஒரு வீட்டிலும் தாச்சி வைக்கவில்லை. எல்லா வீட்டிலும் துக்கம் என்றால் ஆருக்கு ஆர் தட்டுக் கொண்டுபோகிறது? வற்றாப்பளைப் பக்கத்திலிருந்து சைவக்காரப் பெண்டுகள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்தார்களாம். மடியில் தட்டு, தட்டுக்கு மேலே வாழை இலை, இலைக்கு மேலே கை. மழை பெய்ததாம். ஒருத்தரும் ஒன்றும் கதைக்கவில்லையாம். வைத்துவிட்டுப் போனார்களாம்.

அந்த அக்காவிடம் போய் நான் அலுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

5

நிலானி நத்தாருக்கு முதல் நாள் வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். ஆனால் முகம் தெளிவு. வெறும் மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் சுகமா?"

"சுகம் பிள்ளை. இந்த முறை நான் ஒண்டும் செய்யேல்லை. நாங்கள் சும்மா இருப்பம்."

அவள் சிரித்த சிரிப்பை நான் கனகாலம் காணவில்லை. பாணும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டோம். சோபாவில் என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊரில் நடுச்சாம நத்தார்ப் பூசை நடக்கிற நேரம் எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம்தான். பூசையைக் கைபேசியில் நேரடியாகக் காட்டுவார்கள். ஒவ்வொரு வருசமும் பார்ப்பேன். அன்றைக்குப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் கடற்கரையால நடப்பம் அம்மா. போன வருசம் சொல்ல வந்ததை அப்ப சொல்லுறன்" என்றாள். நான் அவளின் தலையைத் தடவினேன். கேட்காமலே தருகிறாள் என்று நெஞ்சு நிறைந்தது.

காலையில் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. கதவைத் திறந்தால் தவமக்கா. நத்தார் நாளில் வெள்ளையில் மெல்லிசாய்க் கரை போட்ட சீலை. கையில் பெரிய சட்டி. பின்னால் அவவின் மனுசன், அவரின் கையில் இன்னொன்று.

"அடுப்பு மூட்டாதை பிள்ளை. சோறும் பருப்பும் கத்தரிக்காயும் கொண்டந்திருக்கிறன்."

"ஏனக்கா?"

"கேக்கிறா பாருங்கோ." சட்டியை வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்தா. கண் கலங்கியிருந்தது. "ஆர் பிள்ளை?"

"என்ன ஆர்?"

"எங்களுக்குமோ மறைக்கிறாய்? ஊரில பூசையே குடுத்திட்டினம். உங்கட ஆக்கள் எல்லாரும் போனில பாத்தவையாம். நோர்வேயில இருக்கிற தங்கச்சி குடும்பத்தின்ரை துக்கத்துக்காகப் பிலோமினா ஒப்புக்குடுக்கிற பூசையெண்டு பாதர் வாசிச்சவராம்."

அந்த நேரம் பார்த்து இவர் சாரத்தோடு, வாயில் பல் பிரஷோடு வந்தார். தவமக்கா அவரை மேலும் கீழும் பார்த்தா.

"அப்ப இவர் இருக்கிறார்" என்று தனக்குள் சொன்னா.

"ஓமக்கா. இன்னும் இருக்கிறன். உங்களை ஏமாத்திப்போட்டன், குறை நினையாதேங்கோ."

நிலானி அறைக்குள்ளிருந்து ஓடிவந்தாள். "அம்மா, யார் இறந்தவை?"

"ஒருத்தரும் சாகேல்லை!" என்று கத்தியே விட்டேன்.

"அப்ப ஏன் பிள்ளை பலகாரம் சுடேல்லை?"

"அலுப்பக்கா."

தவமக்கா கதிரையை இழுத்து இருந்தா. மேலங்கியைக் கூடக் கழற்றவில்லை.

"அலுப்பெண்டா எனக்கும்தான் அலுப்பு. பயறு வறுக்கேக்க நிண்டு அழுதனான், இவருக்குக் கூடத் தெரியாது. அலுப்பெண்டு நிப்பாட்டலாமோ அதை? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே பிள்ளை."

அவவுக்குத் தேத்தண்ணி ஊற்ற எழும்பினேன். அந்தத் தண்ணி கொதிக்க முதல் அடுத்த மணி அடித்தது.

வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் தட்டு, தட்டில் முறுக்கு, அரியதரம், கேக். வாசலில் ஒரு அழுகை, உள்ளே வந்து ஒரு விளக்கம், பிறகு ஒரு சிரிப்பு. செத்த வீடு என்றால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார்கள். ஒருத்தரும் சாகவில்லை என்றதும் சந்தோசத்தில் இருந்துவிட்டார்கள். நிலானி குசினிக்கும் முன்னறைக்கும் நடந்தாள், கோப்பையும் தட்டமுமாக, ஊரில் வளர்ந்த பிள்ளை மாதிரி. இடையில் ஒருதரம் அக்காவை எடுத்துப் பேசினேன். "ஒருத்தருமில்லையோ? சத்தியமாவோ? மாதா மேல சத்தியம் பண்ணு!" என்றா. சத்தியம் பண்ணினேன். அழுதா. பிறகு ஏசினா, என்ன பிறவியடி நீ என்று. எல்லோரும் போன நேரத்தில் வெளியே வெளிச்சமும் போய்விட்டது. என் சப்பாத்து நாடா பாதி கட்டினபடியே வாசலில் கிடந்தது.

அடுத்த நாள் கடல் வந்த நாள். இங்கே இருக்கிற எங்கள் கரைக்காரர் எல்லோரும் ஒரு மண்டபத்தில் கூடி மெழுகுதிரி ஏற்றுவோம். அதை மட்டும் ஏலாது என்று சொல்ல எனக்கு வராது. போனோம். தம்பியின் பெயர் வாசிக்கப்பட்டபோது நிலானி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அவனைக் கண்டதே இல்லை. அங்கேயும் நாங்கள் கதைக்கவில்லை.

6

பிறகு தட்டுகள். மேசை நிறைய ஆட்களின் தட்டுகள். துக்க வீட்டுக்கு வந்த தட்டு வெறுமையாகத் திரும்பிப் போகலாம். துக்கம் இல்லாத வீட்டிலிருந்து வெறுந்தட்டுப் போகக்கூடாது.

"பேசாமல் நான் செத்திருக்கலாம், உமக்கு ஓய்வு கிடைச்சிருக்கும்" என்றார் இவர். சிரித்தோம். சிரித்துவிட்டு நான் பயற்றை எடுத்துத் தாச்சியில் போட்டேன்.

கடையில் ஏதாவது வாங்கி வைத்துக் கொடுப்போம் என்று நிலானி சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டே கிளறினேன். கைக்கு என் பேச்சுக் கேட்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து சீனிப்பாகைப் பார்த்தாள். நாளைக்கு அவளுக்கு ரயில்.

"பிள்ளை, இப்ப சொல்லன். நான் முழிப்பாத்தான் நிக்கிறன்."

"அது இப்ப பழங்கதை அம்மா."

"பறவாயில்லை."

அகப்பையால் பாகைத் தூக்கிக் கம்பி விழுகிறதா என்று பார்த்தபடிதான் சொன்னாள். அவளின் தமிழ் தமிழ்ப் பாடசாலைத் தமிழ், சொல்லைத் தேடித் தேடி வைப்பாள்.

"போன வருசம் எனக்கு ஏலாமல் இருந்தது. உடம்புக்கு ஒண்டுமில்லை. காலமை எழும்ப முடியாது. வேலைக்குப் போய்க் கதிரையில இருந்து அழுதனான். அதுதான் உங்களிட்டக் கேக்க நினைச்சனான், கொஞ்ச நாள் வந்து இஞ்ச இருக்கலாமோ எண்டு."

நான் கிளறுவதை நிறுத்தினேன்.

"கருகப்போகுது அம்மா."

கிளறினேன்.

"பேந்து?"

"பேந்து டொக்டர் லீவு தந்தவர். மாசியில இருந்து சித்திரை வரைக்கும் வீட்டில இருந்தனான்."

"தனியவோ?"

"ஓம்."

மாசி, பங்குனி, சித்திரை. ஒவ்வொரு ஞாயிறும் அவளோடு கதைத்திருக்கிறேன். வேலை எப்படி என்று கேட்டிருக்கிறேன். நல்லம் என்று சொல்லியிருக்கிறாள். என்ன சமைத்தாய் என்று கேட்டு, அவள் சூப் என்று சொல்ல, சூப் சாப்பாடோ என்று பகிடி பண்ணியிருக்கிறேன்.

"ஒரு வார்த்தை சொல்லேல்லையே பிள்ளை."

"நாங்கள் கெட்ட விசயத்தை போனில சொல்லுறேல்லைத்தானே அம்மா. எங்கட வீட்டுப் பழக்கம்தானே."

குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கதிரை இந்தப் பக்கம் இருக்கும், அலுமாரி அந்தப் பக்கம் இருக்கும் என்கிற மாதிரிச் சொன்னாள். தமிழ்ப் பாடசாலைக்கு அனுப்பி, பூசைக்கு அனுப்பி, எதையெல்லாமோ கஷ்டப்பட்டுப் பழக்கினேன். அவளிடம் தங்கவில்லை என்று ஊருக்கெல்லாம் குறை சொன்னேன். நான் பழக்காதது தங்கியிருக்கிறது.

"ஆர் பாத்தது உன்னை?"

"ஒருத்தருமில்லை. நான்தான். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நடந்தன். பகலில படுத்தன். போனை நூத்து வைச்சன். முதல் கஷ்டமா இருந்தது, பேந்து பழகிட்டுது."

நான் இந்தக் கார்த்திகையில் தட்டித் தடவிக் கற்றதையெல்லாம் என் பிள்ளை எனக்கு முன்னமே, பனிக்குள்ளே, ஒருத்தர் துணையில்லாமல் கற்று முடித்திருக்கிறாள். அந்த நாட்களில் நான் அவளுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்துக் கொடுக்கவில்லை. கல்லுப்புப் போட்டு அவளின் காலைத் தண்ணியில் வைக்கவில்லை. வைத்திருக்கலாம். வீட்டில் அறை இருந்தது, வாளி இருந்தது, உப்பும் இருந்தது. என் அலுப்பு மட்டும்தான் வாசலில் குறுக்கே படுத்திருந்தது.

"என்னை எழுப்பியிருக்கலாமே" என்றேன்.

"எழுப்பத்தான் வந்தனான்." பாகை அடுப்பிலிருந்து இறக்கினாள். "நீங்கள் நித்திரை கொண்டு நான் பாத்ததே இல்லை அம்மா. சின்னனில் இருந்து நான் எழும்ப முதல் நீங்கள் எழும்பியிருப்பீங்கள். நான் படுத்தாப் பிறகும் நிண்டுகொண்டிருப்பீங்கள். அதால கொஞ்ச நேரம் உங்களைப் பாத்துக்கொண்டு இருந்தன். வடிவா இருந்தது. எழுப்ப மனம் வரேல்லை."

அந்தப் பணியாரம் சரியாக வரவில்லை. பாகு முறுகிவிட்டது. உருண்டைகள் கல்லு மாதிரி. அதையே தட்டுகளில் வைத்தோம். தவமக்காவின் தட்டை நானே கொண்டுபோனேன். அவ கதவைத் திறக்கவில்லை. உள்ளே படுத்திருக்கிறா என்றார் மனுசன், முதல் தடவையாக மத்தியானத்தில் படுத்திருக்கிறா, எழுப்பட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

7

ரயில் நிலையத்தில் காற்று முகத்தைக் கீறியது. இவர் காரில் இருந்தார், நிற்பாட்ட இடமில்லை. நாங்கள் இரண்டு பேரும் மேடையில் நின்றோம். கடற்கரை நடை நடக்கவில்லை. அதை இரண்டு பேரும் சொல்லவில்லை.

"இப்ப வாவன் பிள்ளை" என்றேன். "லீவெடுத்துக்கொண்டு வந்து ஒரு மாசம் நில். அறை சும்மாதானே கிடக்குது. நான் உனக்கு எல்லாம் செய்து தாறன்."

"இப்ப நான் சரி அம்மா."

"தெரியும். சரியெண்டாலும் வா."

அவள் என் கழுத்துச் சால்வையை இழுத்துச் சரிபண்ணினாள். தாய் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி, நுனியை உள்ளே செருகி, மேலே ஒரு தட்டுத் தட்டினாள். ரயில் வந்து நின்றது. பெட்டியைத் தூக்கிக் கொடுக்கப் போனேன், விடவில்லை. தானே தூக்கி ஏறினாள். வேறு ஆட்கள் ஏறுகிறவரைக்கும் கதவோரம் ஒதுங்கி நின்றாள். நான் சொல்ல வேண்டியதைத் தேடினேன். மன்னித்துக்கொள் என்பது எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லாத சொல். சாப்பிடு, கவனம், போய்ச் சேர்ந்ததும் எடு என்ற வழமையான சொற்கள் மட்டும் வாய்க்குள் நின்று முட்டின.

"கவனம் பிள்ளை" என்றேன்.

கதவு மூட முதல் வருகிற அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. அவள் குனிந்து சொன்னாள்:

"மாசியில நீங்கள் என்னட்ட வாங்கோ அம்மா. ஒண்டும் கொண்டுவராதேங்கோ. நானும் ஒண்டும் சமைக்கமாட்டன். ரெண்டு பேரும் சும்மா படுத்திருப்பம்."